அரை நாள் கேட்டவள்

கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோக்கிற கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும், குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டை. இரண்டு நாடாவை நெய்கிறவரே பார்த்துக்கொள்வார். மூன்றாவது வலது கரைக்கு. அதை வீசி வாங்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். புடவை உடலின் நூல் வந்து நிற்கிற இடத்தில் கரையின் நூல் அதைக் கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் அப்படித்தான். கடையில் புடவையை விரித்துப் பார்த்து, "கரை தனியா கிழிஞ்சு வராதே?" என்று கேட்பார்கள் பாருங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் அந்த இரண்டாவது ஆளின் கையில் இருக்கிறது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே எங்கள் தறியில் அந்த இரண்டாவது ஆளாக நான் உட்கார்ந்துவிட்டேன். எட்டாவது வரை படித்தவள் என்று என்னைப் பெண் பார்க்க வந்தபோது பெருமையாகச் சொன்னார்கள். தறிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தறி எங்களுடையது இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் முதலாளி வீட்டுக்குப் பின்னால் நீளமான ஒரு கொட்டகை. அதில் வரிசையாகத் தறிகள். நாங்கள் குடியிருந்த வீடும் அவர் கொடுத்ததுதான், இரண்டு தெரு தள்ளி. அவரைப் பகைத்துக்கொண்டால் தறியோடு வீடும் போகும். காலையில் தறிக்குழியில் காலை விட்டால் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எடுப்போம். மாதத்துக்கு ஒரு நாள் அமாவாசை அன்று மட்டும் தறி ஓடாது. அன்றைக்கு எந்த நெசவாளி வீட்டிலும் பலகை அடிக்கிற சத்தம் கேட்காது. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ எங்களுக்கு அமாவாசை அப்படி.

நான் சொல்லப்போவது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். ஒரு கையில் அடங்கிப் போகிற அளவுதான். பிள்ளை பெறும் ஆஸ்பத்திரியில் நர்சம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள், இவளுக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை, கொஞ்சம் குடித்ததும் தூங்கிவிடுவாள், தட்டித் தட்டி எழுப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கணும் என்று. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த சுவருக்குக் கீழே உட்கார்ந்து நானும் தலையை ஆட்டினேன். எழுப்பி எழுப்பிக் கொடுப்பதற்கு ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டுமே என்பதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு அம்மா இல்லை. மாமியாரும் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் நான், என் கணவர், அவள், மூன்று பேர்.

தீட்டுக் கழிந்து, இன்னும் கொஞ்ச நாள் போனதும் முதலாளி சொல்லி அனுப்பினார். பாவு பூட்டிய தறி சும்மா நின்றுகொண்டிருந்தது. தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்தான் பாவு; ஒரு பாவு என்றால் மூன்று புடவை. முதல் புடவை பாதியில் இருக்கும்போது எனக்கு வலி எடுத்திருந்தது. மற்ற முதலாளிகளாக இருந்தால் வேறு ஜோடியை உட்காரவைத்திருப்பார்கள். அவர் இவ்வளவு நாள் பொறுத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

நானும் என் கணவரும் அவரைப் பார்க்கப் போனோம். என் கணவர் அதிகம் பேசாதவர். வழியெல்லாம், "நீங்கதான் கேக்கணும்" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் "சரி, சரி" என்றார். முதலாளி எதிரில் போய் நின்றதும் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"புள்ள ரொம்ப சின்னதா இருக்குதுங்க. காலையில மட்டும் நான் வந்து உக்கார்றேன். மத்தியானத்துக்கு மேல வீட்ல இருக்கேன். அது கொஞ்சம் தேறுற வரைக்கும் அரை நாள் குடுங்க."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். சிடுசிடுக்கவில்லை.

"நீ அரை நாள்னா உன் வூட்டுக்காரனுக்கும் அரை நாள்தாம்மா. அவன் ஒத்தை ஆளா கோர்வை போட முடியுமா, சொல்லு? அப்புறம் தறியும் அரை நாள். கல்யாண சீசன் வந்துக்கினு இருக்குது. நான் கடைக்காரனுக்கு இன்னா சொல்லுவேன்?"

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. தனியாக வேலை செய்கிறவள் அரை நாள் கேட்டால் அவளுடைய அரை நாள் மட்டும் போகும். நான் கேட்டால் பக்கத்தில் இருக்கிற மனுஷன் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என் கணவர் துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவு இறங்கட்டும்மா. அடுத்த பாவு கோர்வை இல்லாம ஒத்தை ஆள் நெய்யற மாதிரி குடுக்கிறேன். அவன் பாட்டுக்கு நெய்யட்டும். நீ நாளெல்லாம் புள்ளையப் பாத்துக்கோ. அரை நாள் இன்னாத்துக்கு, முழு நாளும் உனக்குத்தான்" என்றார்.

அந்த வாக்கை நான் பிடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது என் கணவரிடம் நான் சிரித்துப் பேசியதுகூட ஞாபகம் இருக்கிறது. இரண்டரைப் புடவைதானே, மளமளவென்று இறக்கிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். மளமளவென்று இறக்குவதற்கும் நான்தான் உட்கார வேண்டும் என்பது அப்போது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

முதலில் ஒரு வழி செய்து பார்த்தோம். எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். புருஷனை இழந்தவர், ஒரு காலத்தில் கரை பக்கம் உட்கார்ந்து பழகியவர். காலையில் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வது, மத்தியானத்துக்கு மேல் எனக்குப் பதில் தறியில் உட்காருவது என்று ஏற்பாடு. முதலாளியும் சரி என்றார். நான் மத்தியானம் ஓடி வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காது மடலைச் சுண்டி, உள்ளங்காலைத் தேய்த்து, எழுப்பி எழுப்பிக் கொடுத்தேன். குடித்தாள். வாயோரம் பால் வழிய என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். அந்தக் கொஞ்ச நாள் மத்தியானங்கள் எனக்குப் போதும் என்று இருந்தது. உண்மையாகவே போதும் என்று இருந்தது.

அந்த முதல் புடவையை அறுத்து இறக்கியதும் முதலாளி அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கரையும் உடலும் சேர்கிற கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். ஒரு சாண் நெருக்கமாக இருக்கும், அடுத்த சாண் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், மறுபடி நெருக்கம். காலையில் என் கை, மத்தியானம் அந்த அக்காவின் கை. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம். கோட்டில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு புடவைக்கு ஒரு ஜோடிதான் என்பது எல்லாத் தறியிலும் உள்ள வழக்கம். அதை மீறினால் இப்படித்தான் ஆகும்.

"ரெண்டு கை ஆவாதும்மா" என்றார். அந்த அக்கா முகம் சுண்டிப் போய், "என் கையில தெம்பு இல்ல, நான் இன்னா பண்ணுவேன்" என்று என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். எனக்குச் சமாதானம் சொல்ல யார் வந்தார்கள்?

பிறகு கொட்டகையிலேயே தூளி கட்டிக்கொள்ள முதலாளியிடம் கேட்டேன். பட்டு இருக்கிற இடத்தில் பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அவர் மனைவிதான் உள்ளே இருந்து, "கட்டிக்கட்டும் விடுங்க, புள்ள பெத்தவ வவுத்தெரிச்சல் வேணாம்" என்றார். என் பழைய புடவை ஒன்றைக் கொட்டகை உத்தரத்தில் கட்டினேன், என் கைக்கு எட்டுகிற தூரத்தில். தறி அடிக்க அடிக்கத் தூளி தானாகவே ஆடியது. பக்கத்துத் தறிக்காரர், "ஆட்டுறதுக்குக்கூட ஆள் வேணாம், குடுத்து வச்ச புள்ளம்மா இது" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள். நன்றாகத் தூங்கினதுதான் கஷ்டம். எழுப்பிக் கொடுக்கத் தறியை நிறுத்த வேண்டும். அரைமணிக்கு ஒரு தரம் நிறுத்தினால் என் கணவர் ஒன்றும் சொல்ல மாட்டார். மற்ற தறிகளில் இருந்து தலைகள் நிமிரும்.

இரண்டாவது புடவை சந்தன நிற உடல், அரக்குக் கரை. மத்தியான நேரம். அவள் தூளியில் அழுதாள். பசித்து அழுகிறவள் இல்லை அவள். தூக்கத்தில் சும்மா ஒரு சிணுங்கல். எனக்கு மார்பு சுரந்துவிட்டது. நாடாவை வீசக் குனிந்திருந்தேன். ரவிக்கை நனைந்து, நெய்த கரையின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பட்டில் எது பட்டாலும் தொடாதே, காயட்டும், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஆனால் அது என் பால். எல்லோரும் பார்க்கிற மாதிரி அங்கே கிடக்கிறதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். அரக்குச் சாயம் கரைந்து சந்தன நிறத்துக்குள் ஊறிப் போனது. உள்ளங்கை அகலத்துக்கு.

என் கணவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. "விடு, கைய எடு" என்று மட்டும் சொன்னார். நான் கையை எடுக்கவில்லை, அதன் மேலேயே மூடி வைத்துக்கொண்டிருந்தேன், மூடி வைத்தால் மறைந்துவிடும் என்பது போல.

முதலாளி வந்து பார்த்தார். கறைக்கு மேலே விரலைப் பிடித்து அகலம் பார்த்தார். தாய்ப்பாலைக் குறை சொல்லிப் பேசப் பயந்தார் என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாக, "பால் மேல தப்பு சொன்னா பாவம். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பட்டுக்கு அது தெரியாதேம்மா. தூளிய அவுத்துடு" என்றார். பக்கத்துத் தறிக்காரர் சூழ்நிலையை லேசாக்க நினைத்து, "அந்தச் சீலையக் கட்டிக்கிற பொண்ணுக்கு மொத வருஷமே புள்ளதான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் புடவை எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை, கடையில் ஓரங்கட்டி யாருக்கோ தள்ளிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதை என் குற்றம் என்று இன்று வரை நான் ஒத்துக்கொண்டதில்லை. குழந்தை அழுதால் பால் வரும். வராமல் இருக்க நான் என்ன மரமா?

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். கொஞ்சம் நிலம், ஓர் எருமை. பிள்ளை இல்லை. சேதி கேட்டு மறுநாளே வந்தார். வந்ததும் குழந்தையைத் தூக்கி, எடை பார்ப்பது போல் கையில் ஏந்தி, "இன்னாடியம்மா, காத்து மாதிரி இருக்குறே" என்றார். அதன் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் கொண்டு போறேன். பாவு இறங்குற வரைக்கும்தான். எருமப் பாலுல தண்ணி கலந்து பாலாடைக் கிண்ணியில ஊத்துறேன். எனக்கு வேற இன்னா வேலை கெடக்குது? நாள் பூரா இத்த வச்சிக்கினு உக்காந்திருப்பேன்."

நாள் பூரா என்றார். நான் கை நீட்டிப் பிச்சையாகக் கேட்ட அரை நாள் அவரிடம் முழு நாளாகக் கொட்டிக் கிடந்தது.

"வேணாம் அண்ணி. நான் எப்படியாவது பாத்துக்கிறேன்."

"எப்படி பாத்துக்குவே, சொல்லு."

என் கணவரைப் பார்த்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, "பாவு இறங்கினதும் போயி தூக்கியாந்துடலாம்" என்றார். அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். அவள் அண்ணியின் தோளில் தூங்கிக்கொண்டு போனாள். எழுப்பி ஒரு வாய் கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன்; பஸ் வந்துவிட்டது.

பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல் அடித்தது. எதிர்வீட்டு அக்கா மல்லிகைப் பூ வைத்துக் கட்டச் சொன்னார். எங்கள் பக்கம் பாலை வற்றவைக்க அதுதான் செய்வார்கள். என் கணவர் காமாட்சியம்மன் சன்னதிப் பக்கம் போய் ஒரு தாமரை இலை நிறையப் பூ வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவு பூ அவர் எனக்கு அதற்கு முன் வாங்கித் தந்தது இல்லை. பூக்காரி, "வூட்ல இன்னா விசேஷம்?" என்று கேட்டாளாம். அதை ஏன் என்னிடம் வந்து சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு அழுதார். அக்கா பூவை இரண்டு பக்கமும் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். வாட வாட மாற்றிக் கட்டினார். சில நாளில் பால் நின்றது. எனக்குத் தறியில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போயிற்று. அதிலிருந்து நான் தலையில் மல்லிகை வைத்துக்கொள்வது இல்லை. கல்யாண வீடுகளில் தட்டை நீட்டுவார்கள். தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

அமாவாசைக்கு அமாவாசை முசரவாக்கம் போனேன். முதல் தடவை என்னைக் கண்டதும் வாயைத் திறந்து மார்பில் முட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதாள். அண்ணி பாலாடையோடு வந்து வாங்கிக்கொண்டார். அடுத்த அமாவாசைக்கு முட்டவில்லை. அதற்கடுத்த அமாவாசைக்கு முகம் பார்த்துச் சிரித்தாள், வழியில் போகிற யாரைப் பார்த்தும் சிரிக்கிற சிரிப்பு. உடம்பு தேறியிருந்தது. தொடையில் மடிப்பு விழுந்து, கை கால் உருண்டு, காதோரம் எண்ணெய் மினுங்க அவ்வளவு அழகாக இருந்தாள். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. என் கையில் காற்றாக இருந்தவள் இன்னொருத்தி கையில் கனத்துப் போனாளே என்று எரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன, இப்போது கேட்க யார் இருக்கிறார்கள்.

பாவு இறங்கியது. மூன்றாவது புடவையை அறுத்த அன்றே முதலாளி முன் போய் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல், "சொன்னேன், இல்லைன்னு சொல்லல. ஆனா தை மாசம் முழுக்க முகூர்த்தமா இருக்குதும்மா. கோர்வைதான் கேக்கிறாங்க. இந்த ஒரு பாவு. உங்க ரெண்டு பேர் கை மாதிரி வேற ஜோடி என்கிட்ட கெடையாது" என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டு என் கணவர் தலை நிமிர்ந்தார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. நல்ல கை இருந்ததற்குத் தண்டனை. கை கோணலாக இருந்திருந்தால் என் பெண் என் மடியில் இருந்திருப்பாள்.

அந்த ஒரு பாவு இறங்க இன்னும் சில அமாவாசைகள் போயின. அவளுக்குப் பல் முளைத்தது. குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்றாள். எல்லாவற்றையும் அண்ணிதான் பார்த்தார். போகும்போதெல்லாம் ஆசையாக எனக்குக் கதை சொன்னார். வைகாசியில் கருட சேவைக்கு அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்தார். கூட்டத்தில் நான் எதிரே போய்க் கையை நீட்டினேன். அவள் அண்ணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "கூட்டத்தைக் கண்டு பயப்படுது" என்றார் அண்ணி. எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். அவர் என் குழந்தையைத் திருடவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். திருடியிருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டு வாங்கியிருப்பேன்.

ஆடியில் முதலாளி வாக்கைக் காப்பாற்றினார். கோர்வை இல்லாத பாவு, கரையும் உடலும் ஒரே நிறம், என் கணவர் ஒருவரே நெய்யலாம். "இந்தாம்மா, இனி நீ வூட்ல இரு" என்று அவரே மனநிறைவோடு சொன்னார். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

அண்ணி ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. அவளுடைய சட்டைகள், பாலாடை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் துவைத்துத் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பஸ் வரைக்கும் கூட வரவில்லை. எருமைக்குத் தண்ணி காட்டணும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அழ ஆரம்பித்தாள். முதல் நாள் புது இடம் என்று நினைத்தோம். என்னிடம் வரவே இல்லை. என் கணவரிடமும் போகவில்லை. தெருவைப் பார்த்த வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, "ம்மா, ம்மா" என்றாள். அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்" என்றேன். என் தோளுக்கு மேலே எட்டித் தெருவைப் பார்த்தாள். இட்லியைக் கரைத்துக் கொடுத்தால் துப்பினாள். பசும்பாலைத் தட்டிவிட்டாள். உடம்பு கொதித்தது. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை, ஏக்கம் என்றார். யாரிடம் வளர்ந்த குழந்தை என்று கேட்டார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்கு நாளெல்லாம் நேரம் இருந்தது. கேட்டதைவிட இரண்டு மடங்கு கிடைத்திருந்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணி வந்தார். யார் சொல்லி அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. என் கணவர்தான் அனுப்பியிருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. "நான் பாத்துட்டுப் போவத்தான் வந்தேன்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் படியிலிருந்து உருண்டு விழுந்து தவழ்ந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணி குனியவில்லை. தூக்கவும் இல்லை. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் போய் அவளைக் காலிலிருந்து பிரித்து எடுத்தேன். அலறினாள். அப்படியே அவர் தோளில் கொண்டுபோய் வைத்தேன். அந்த நிமிஷமே அழுகை நின்றது. விக்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி பிடுங்கிக்கொள்வேனோ என்கிற பயத்தோடு.

"கொஞ்ச நாள் அங்கியே இருக்கட்டும்" என்றார் என் கணவர். பாவு இறங்குகிற வரைக்கும், இந்த ஒரு பாவு, கொஞ்ச நாள். இந்த வார்த்தைகளின் நீளம் எனக்கு அதற்குள் பழகிவிட்டிருந்தது. பையில் மறுபடி சட்டைகளை மடித்து வைத்தேன். பாலாடையை வைத்தேன். கிலுகிலுப்பையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை. அதையும் வைத்துவிட்டேன்.

அவர்கள் போனதும் என் கணவர் தறிக்குப் போனார். நான் வீட்டில் இருந்தேன். வீட்டைப் பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன். இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் கொட்டகையின் சத்தம் கேட்கும். அதில் எங்கள் தறியின் சத்தம் எது என்று எனக்குத் தெரியும். ஒற்றை ஆள் அடிக்கிற அடி. சும்மா உட்கார்ந்திருந்த என் வலது கை அந்தச் சத்தத்துக்கு நாடாவை வீசிக்கொண்டிருந்ததை நானே பிறகுதான் கவனித்தேன்.

சில நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு யாரிடமும் சொல்லாமல் தலையை வாரிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் ஜரிகை உருளைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, புள்ள எப்படி இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க, அண்ணி வூட்லயே விட்டுட்டேன். அடுத்த பாவு எங்களுக்குக் கோர்வையே குடுங்க."

அவருக்குப் புரியவில்லை. "அரை நாள் குடு, அரை நாள் குடுன்னு கேட்டவ நீதானேம்மா?"

"இப்ப வேணாங்க. முழு நாளும் உக்கார்றேன்."

"யோசிச்சுத்தான் சொல்றியா? நாளைக்கு மறுபடி வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேங்க. அமாவாசைக்கு வந்து உக்காரச் சொன்னாலும் உக்கார்றேன்."

அவர் சிரித்துவிட்டார். வேலையில் எனக்கு வந்துவிட்ட அக்கறையைப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டார், பாவம்.

"அமாவாசைக்கு யாரும் தறி ஓட்ட மாட்டாங்கம்மா" என்றார். "அன்னிக்கு நீ போயி உன் புள்ளையப் பாத்துட்டு வா."